ரிலே கன்டெய்னர் திடீரென்று விழுந்தால் அதன் கையில் இருந்த லாக் செய்திகளைக் காப்பாற்றுவது எப்படி?

#1 வடகாற்று

வணக்கம். எங்கள் அமைப்பு எளிமையானதுதான். லினக்ஸ் சர்வர்கள் எல்லாவற்றிலும் லாக் செய்திகளைத் திரட்டி அனுப்பும் ஆர்சிஸ்லாக் ஓடுகிறது. அவை டிசிபி வழியாக ஒரு ரிலேவுக்கு அனுப்புகின்றன. ரிலே, டாக்கர் கன்டெய்னரில் (செயலியைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) ஓடும் ஒரு சிஸ்லாக்-என்ஜி; அதுவும் லாக் மென்பொருள்தான். வாங்கியதை மையச் சேமிப்பகத்துக்கு அனுப்புவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை.

அண்மையில் மையச் சேமிப்பகத்தைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தார்கள். அந்த நேரத்தில் ரிலேவின் வரிசை வீங்கி, கன்டெய்னருக்கு வைத்திருந்த 512 எம்பி நினைவக வரம்பைத் தொட்டது. கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதைக் கொன்றுவிட்டது. வெளியேறிய குறியீடு 137. மறுதொடக்கக் கொள்கை 'ஆல்வேஸ்' என்பதால் சில நொடிகளில் திரும்ப எழுந்துவிட்டது, கண்காணிப்புத் திரையிலும் எல்லாம் பச்சை. ஆனால் வரிசையில் காத்திருந்த செய்திகளில் ஒன்றுகூட மையத்துக்குப் போய்ச் சேரவில்லை. தணிக்கைப் பதிவுகளும் அவற்றில் அடக்கம் என்பதால் மேலிடத்திலிருந்து கேள்விகள் வருகின்றன.

டிஸ்க்-பஃபர் (காத்திருக்கும் செய்திகளை வட்டில் வைக்கும் ஏற்பாடு) போட்டால் தீர்ந்துவிடும் என்று படித்து, சோதனைச் சூழலில் போட்டுப் பார்த்தேன். கன்டெய்னரை 'டாக்கர் ஸ்டாப்' கொடுத்து நிறுத்தி எழுப்பினால் எல்லாச் செய்திகளும் வந்துவிடுகின்றன. 'டாக்கர் கில்' கொடுத்தால் ஒரு பகுதி தொலைகிறது. இன்னும் என்ன செய்ய வேண்டும்?

#2 நூலேணி

'ஸ்டாப்' கொடுத்தால் தப்பிக்கிறது, 'கில்' கொடுத்தால் தொலைகிறது என்றால், நீங்கள் போட்டிருப்பது சாதாரண வகை டிஸ்க்-பஃபர் என்று அடித்துச் சொல்லலாம். அந்த வகையில் செய்தி முதலில் நினைவகத்தில் உள்ள ஒரு முன்வரிசையில் உட்காரும். அது நிரம்பிய பிறகே வட்டுக்குப் போகும். வட்டுக் கோப்பும் நிரம்பினால் மிச்சம் திரும்பவும் நினைவகத்திலேயே சேரும். முறையாக நிறுத்தும்போது, அதாவது 'முடித்துக்கொள்' என்னும் சிக்டெர்ம் சமிக்ஞை வரும்போது, நினைவகத்தில் இருப்பதைக் கோப்பில் எழுதி வைத்துவிட்டுத்தான் வெளியேறும். உடனே கொல்லும் சிக்கில் சமிக்ஞை வந்தால் எழுத அவகாசம் ஏது? நினைவகம் தீர்ந்து கெர்னல் கொல்லும்போது அனுப்புவதும் அதே சிக்கில்தான். 137 என்பது 128 கூட்டல் 9; அந்த 9 தான் சிக்கில்.

டிஸ்க்-பஃபர் தேர்வுகளில் 'ரிலையபிள்' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். அதன்பின் ஒவ்வொரு செய்தியும் முதலில் வட்டில் எழுதப்படும். நினைவகத்தில் இருப்பது வேகத்துக்காக வைத்திருக்கும் பிரதி மட்டுமே. அந்த லாக் பாதையில் 'ஃப்ளோ-கன்ட்ரோல்' கொடியையும் (வரிசை நிரம்பினால் வாங்குவதை நிறுத்தி வைப்பது) சேர்த்துவிடுங்கள். கோப்பின் பின்னொட்டைப் பார்த்தே வகையைக் கண்டுபிடிக்கலாம்: சாதாரண வகைக்குக் கியூஎஃப், நம்பகமான வகைக்கு ஆர்கியூஎஃப்.

இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். சிஸ்லாக்-என்ஜியின் தரவு அடைவை வால்யூமில் (கன்டெய்னருக்கு வெளியே நிலைக்கும் சேமிப்பிடம்) ஏற்றியிருக்கிறீர்களா, அல்லது அது கன்டெய்னருக்குள்ளேயே இருக்கிறதா? இன்னொன்று, நினைவக வரிசையின் நீளத்தைக் குறிக்கும் 'லாக்-ஃபிஃபோ-சைஸ்' அளவை யாராவது மாற்றினார்களா? இயல்பான அளவு 10,000 செய்திகள்தான். அதை வைத்துக்கொண்டு 512 எம்பி நிரம்புவதற்கு வாய்ப்பே இல்லை.

#3 அரைத்தூக்கம்

நினைவக வரம்பை 2 ஜிபி ஆக்குங்கள். இழை முடிந்தது.

#4 கருங்குயில்

அரைத்தூக்கம், பெயருக்கேற்ற பதில்.

கணக்குப் போடுவோம். ஒரு செய்தி 500 பைட், நொடிக்கு 5,000 செய்திகள் என்று வையுங்கள். நொடிக்கு 2.5 எம்பி. மையம் நின்றுபோனால் 2 ஜிபி நிரம்பப் பதின்மூன்று, பதினான்கு நிமிடம் ஆகும். செய்தி நினைவகத்தில் இருக்கும்போது அதன் புலங்கள், சுட்டிகள் எல்லாம் சேர்ந்து மூல அளவைவிடக் கூடுதலாகவே பிடிக்கும், ஆகவே உண்மையில் அதற்கும் முன்பே நிரம்பிவிடும். பராமரிப்பு வேலை எதுவும் அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை. வரம்பை நான்கு மடங்காக்கினால் விபத்து சற்றுத் தள்ளிப்போகும். நடக்கும்போது இழப்பும் நான்கு மடங்காக இருக்கும்.

#5 வடகாற்று

நன்றி நூலேணி. இரண்டுக்கும் விடை நீங்கள் சந்தேகித்ததுதான். வால்யூம் எதுவும் இல்லை. தரவு அடைவு கன்டெய்னருக்குள்ளேயே இருக்கிறது. 'லாக்-ஃபிஃபோ-சைஸ்' 20 லட்சம் என்று இருக்கிறது. எனக்கு முன் இதைப் பார்த்துக்கொண்டவர் வைத்தது. காரணம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

#6 நூலேணி

காரணத்தை ஊகிக்கலாம். வரிசை நிரம்பினால், ஃப்ளோ-கன்ட்ரோல் இல்லாத பாதையில் சிஸ்லாக்-என்ஜி புதிய செய்திகளைக் கைவிட்டுவிடும். புள்ளிவிவரத்தில் 'டிராப்டு' எண் ஏறும். அந்த எண்ணைப் பார்த்த ஒருவர் வரிசையைப் பெரிதாக்கியிருப்பார், எண் பூஜ்யத்துக்கு வந்திருக்கும். 20 லட்சம் செய்திகள் நிறைந்தால் கன்டெய்னர் வரம்பைப்போல் இரண்டு மடங்கு நினைவகம் வேண்டும் என்பதை யாரும் பெருக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். இதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது: செயலி கொல்லப்பட்டால் அந்த எண்ணிக்கைகளும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இழப்பு நடந்ததற்குச் சாட்சியே இருக்காது.

இப்போது வால்யூம் விஷயம். கன்டெய்னர் அதே கன்டெய்னராக மறுதொடக்கம் ஆனால் அதன் எழுதும் அடுக்கு (உள்ளே எழுதிய கோப்புகள் இருக்கும் இடம்) அப்படியே இருக்கும். ஆனால் படிமத்தை (கன்டெய்னர் உருவாகும் வார்ப்பு) புதுப்பித்தாலோ, கன்டெய்னரின் அமைப்பை எழுதி வைக்கும் கம்போஸ் கோப்பில் ஒரு வரியை மாற்றினாலோ பழைய கன்டெய்னர் நீக்கப்பட்டுப் புதியது உருவாகும். எழுதும் அடுக்கு அதோடு போய்விடும், உங்கள் நம்பகமான பஃபரும் போய்விடும். எனவே தரவு அடைவைப் பெயரிட்ட வால்யூமில் வையுங்கள்.

வால்யூமில் வரிசைக் கோப்பை மட்டும் வைத்துவிட்டு பெர்சிஸ்ட் கோப்பை விட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பாதிப் பாதுகாப்புக்கூட இல்லை. எந்த இலக்குக்கு எந்த வரிசைக் கோப்பு என்ற தகவல் பெர்சிஸ்ட் கோப்பில்தான் இருக்கிறது. அது தொலைந்தால் சிஸ்லாக்-என்ஜி புதிய வரிசைக் கோப்பு ஒன்றைத் தொடங்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். பழைய ஆர்கியூஎஃப் கோப்பு செய்திகளோடு அநாதையாகக் கிடக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. இலக்கின் முகவரியை மாற்றினாலும் இதே கதி, ஏனென்றால் அந்தத் தொடர்பு முகவரியையும் போர்ட்டையும் வைத்தே அடையாளம் காணப்படுகிறது. 'பெர்சிஸ்ட்-நேம்' கொடுத்துவிட்டால் முகவரி மாறினாலும் அடையாளம் மாறாது. அநாதையான கோப்பு கிடைத்தால் 'டிக்யூடூல்' என்ற கருவியின் 'கேட்' கட்டளையால் உள்ளே இருப்பதை வெளியே எடுக்கலாம்.

அளவு: கருங்குயில் சொன்ன நொடிக்கு 2.5 எம்பி கணக்கில், மையம் 8 மணி நேரம் நின்றால் 72 ஜிபி வேண்டும். உங்கள் உண்மையான வேகத்தை அளந்து, மையம் அதிகபட்சம் எவ்வளவு நேரம் நிற்கக்கூடும் என்பதை அதோடு பெருக்குங்கள். பழைய பதிப்புகளில் இந்த அளவைக் குறிக்கும் தேர்வின் பெயர் 'டிஸ்க்-பஃப்-சைஸ்', புதியவற்றில் 'கெபாசிட்டி-பைட்ஸ்'. 'லாக்-ஃபிஃபோ-சைஸ்' அளவை இயல்புக்கே இறக்கிவிடுங்கள்.

#7 இரும்புப்பெட்டி

பல இயந்திரங்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் ஓட்டுபவர்களுக்காக ஒரு குறிப்பு, ஏனென்றால் நூலேணி சொன்னது அங்கே அப்படியே பொருந்தாது. டாக்கரின் மறுதொடக்கத்தில் எழுதும் அடுக்கு தப்பும். குபெர்னெட்டிஸில் பாட் (சேர்ந்து ஓடும் கன்டெய்னர்களின் தொகுதி) ஒன்றுக்குள் கன்டெய்னர் மறுதொடக்கம் ஆனால் தப்பாது. ஒவ்வொரு முனையிலும் (கன்டெய்னர்கள் ஓடும் இயந்திரம்) இருக்கும் குபெலெட் என்ற நிர்வாகி ஒவ்வொரு முறையும் புதிய கன்டெய்னரையே உருவாக்குகிறது. பாட்டோடு சேர்ந்து உருவாகும் 'எம்ப்டிடிர்' வால்யூம் கன்டெய்னர் விழுந்தாலும் தப்பும், ஆனால் பாட் அகற்றப்பட்டால் அழியும். முனையில் வட்டு நெருக்கடி வந்து பாட் வெளியேற்றப்படுவது அப்படியொரு சந்தர்ப்பம். பஃபர் வீங்கியதே அந்த நெருக்கடிக்குக் காரணமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே ரிலேவை ஸ்டேட்ஃபுல்செட் (பிரதிகள் நிலையான அடையாளத்தோடு ஓடும் அமைப்பு) ஆக வைத்து, ஒவ்வொரு பிரதிக்கும் தனி நிலைத்த வால்யூம் கொடுங்கள். முனைதோறும் ஓடும் டீமன்செட் என்றால் ஹோஸ்ட்பாத் (முனையின் சொந்த வட்டில் உள்ள அடைவு).

'எம்ப்டிடிர்' அமைப்பில் 'மீடியம்' என்பதை 'மெமரி' என்று வைத்து அதில் பஃபர் போடாதீர்கள். அது டிஎம்பிஎஃப்எஸ், அதாவது நினைவகத்திலேயே இருக்கும் கோப்பு முறைமை. அங்கே எழுதும் ஒவ்வொரு பைட்டும் கன்டெய்னரின் நினைவகக் கணக்கில்தான் ஏறும்; எதற்குப் பயந்து வட்டுக்குப் போனீர்களோ அதே இடத்துக்குச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவீர்கள்.

முறையாக நிறுத்தும்போதே செய்தி தொலைகிறது என்றால் முதலில் நுழைவுக் கட்டளையைப் பாருங்கள். டாக்கர்ஃபைலில் (படிமத்தைக் கட்டும் கோப்பு) ஷெல் வடிவத்தில் எழுதியிருந்தால், கன்டெய்னரின் முதல் செயலாக, செயல் எண் 1 ஆக, இருப்பது ஷெல் (கட்டளைகளை இயக்கும் நிரல்). சிக்டெர்ம் அதற்குத்தான் வரும். பல படிமங்களில் அந்த ஷெல் அதை உள்ளே இருக்கும் செயலிக்குக் கடத்தாது. டாக்கர் 10 நொடி பார்க்கும், குபெர்னெட்டிஸ் 30 நொடி பார்க்கும், பிறகு சிக்கில். ஒவ்வொரு புதிய வெளியீட்டின்போதும் ரிலே கொலை செய்யப்பட்டுக்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது.

#8 கருங்குயில்

எல்லாம் சரி. வால்யூம், நம்பகமான பஃபர், பெர்சிஸ்ட் கோப்பு எல்லாம் செய்யுங்கள். ஆனால் வடகாற்று கேட்டது 'தணிக்கைப் பதிவு தொலையக் கூடாது' என்பது. அதற்கு இது போதாது.

வட்டு பஃபர் தன்னிடம் வந்து சேர்ந்ததைத்தான் காக்கும். அனுப்பும் சர்வரில் உள்ள ஆர்சிஸ்லாக் ஒரு செய்தியை எழுதுகிறது; 'செண்ட்' அழைப்பு வெற்றி என்று திரும்புகிறது. அந்த வெற்றிக்குப் பொருள், செய்தி தன் சொந்த கெர்னலின் சாக்கெட் பஃபரில் (வலையமைப்பில் அனுப்புவதற்கான காத்திருப்பிடம்) ஏறிவிட்டது என்பது மட்டுமே. அதன்பின் அது கம்பியில் இருக்கலாம், ரிலே இருக்கும் இயந்திரத்தின் கெர்னலில் வாங்கும் பஃபரில் இருக்கலாம், ரிலே செயலி படித்து இன்னும் வட்டில் எழுதாமல் வைத்திருக்கலாம். இந்த மூன்று இடத்தில் எதில் இருந்தாலும், ரிலே செத்த கணத்தில் செய்தியும் செத்துவிடும். அனுப்பியவனோ தன் பிரதியை எப்போதோ அழித்துவிட்டான். டிசிபி ஒப்புகை கெர்னலுக்கும் கெர்னலுக்கும் இடையில் நடப்பது. செயலி வாங்கிக்கொண்டதா என்று அதற்குத் தெரியாது.

ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த நொடியில் ரிலே செத்தால், இந்தச் செய்தியின் இன்னொரு பிரதி யாரிடம் இருக்கிறது? விடை 'யாரிடமும் இல்லை' என்று வரும் இடமெல்லாம் ஓட்டை.

பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை வரும்வரை ரசீதைத் தூக்கி எறியாமல் வைத்திருப்போம் அல்லவா, அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். ஆர்சிஸ்லாக் உலகில் அதற்கு ரெல்ப் நெறிமுறை இருக்கிறது: வாங்கும் செயலி ஒப்புகை அனுப்பும்வரை அனுப்புபவர் செய்தியை வைத்திருப்பார்; இணைப்பு அறுந்து மறுபடி ஏற்பட்டால் ஒப்புகை வராதவற்றை மீண்டும் அனுப்புவார். சிஸ்லாக்-என்ஜியின் திறந்த மூலப் பதிப்பில் ரெல்ப் கிடையாது. எனவே ரிலேவிலும் ஆர்சிஸ்லாக் போட வேண்டியிருக்கும்.

அதிலும் ஒரு பொறி உண்டு. வாங்கும் பக்கத்தில் ரெல்ப் ஒப்புகை போவது செய்தி வரிசையில் ஏறியதும். ஆர்சிஸ்லாக்கின் முதன்மை வரிசை இயல்பாக நினைவகத்தில் இருப்பது. அதாவது 'வாங்கிக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நினைவகத்தில் வைத்திருக்கும்; அங்கே செத்தால் இரண்டு பக்கமும் பிரதி இல்லை. ரிலேவில் ரெல்ப் வாங்கும் பாதையின் வரிசை வகை 'டிஸ்க்' ஆக இருக்க வேண்டும். கோப்புப் பெயர் கொடுத்த 'லிங்க்டுலிஸ்ட்' வகை போதாது. அது நினைவகம் ஒரு மட்டத்துக்கு மேல் நிரம்பினால்தான் வட்டுக்குப் போகும்.

'டிஸ்க்' வகை போட்டவுடன் நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். 'கியூ.செக்பாயிண்ட்இன்டர்வல்' இயல்பாகப் பூஜ்யம். அப்படி இருந்தால் வரிசையின் நிலையைச் சொல்லும் கியூஐ கோப்பு முறையாக நிறுத்தும்போது மட்டும் எழுதப்படும். திடீர் மரணத்தில் செய்திக் கோப்புகள் வட்டில் இருக்கும், அவற்றைக் காட்டும் கியூஐ இருக்காது; மறுதொடக்கத்தில் ஆர்சிஸ்லாக் அவற்றைத் திரும்பிப் பார்க்காது. இதைச் சரிசெய்யவே 'ரிகவர்_கியூஐ' என்ற பெர்ல் நிரல் மூலக் குறிமுறையோடு வருகிறது. அதைக் கையால் ஓட்டும் நிலைக்குப் போகாமல், இடைவெளியை 1 என்று வையுங்கள்.

#9 வடகாற்று

கருங்குயில், ஒவ்வொரு செய்திக்கும் நிலைக்கோப்பு எழுதினால் வேகம் என்ன ஆகும்?

#10 கருங்குயில்

குறையும், நன்றாகவே குறையும். எல்லா லாகுக்கும் இதைச் செய்யச் சொல்லவில்லை. தணிக்கைப் பதிவுகளைத் தனி விதித்தொகுப்பில், தனி போர்ட்டில் பிரித்துவிடுங்கள். பிழைதிருத்தச் செய்திகளில் நூறு தொலைந்தால் யார் அழப்போகிறார்கள்?

#11 இரும்புப்பெட்டி

பிழைதிருத்தச் செய்திதான் பல நேரம் எனக்கு வேண்டியிருக்கிறது. ரிலே விழும் அதே கணத்தில்தான் வேறு எதுவோ உடைந்திருக்கும். அந்தக் கணத்தின் செய்திகளே தொலைகின்றன. 'முக்கியம் இல்லாத லாக்' என்று முன்கூட்டியே முத்திரை குத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் செக்பாயிண்ட் 1 போட்டால் வட்டு முனகும் என்பதும் உண்மை.

வட்டு என்றதும் இன்னொன்று. இங்கே எல்லோரும் 'வட்டில் எழுதியாயிற்று' என்கிறீர்கள். 'ரைட்' அழைப்பு திரும்பினால் தரவு கெர்னலின் பக்கத் தேக்ககத்தில் இருக்கிறது என்றுதான் பொருள். செயலி செத்தால் அதற்கு ஆபத்து இல்லை. கெர்னல் உயிரோடு இருக்கிறது, பிறகு எழுதிவிடும். மின்சாரம் போனாலோ கெர்னலே விழுந்தாலோ, எஃப்சிங்க் (தேக்ககத்தில் இருப்பதை வட்டில் உடனே எழுதவைக்கும் அழைப்பு) செய்யாதவை போய்விடும். ஆர்சிஸ்லாக்கில் அதற்குத் தனித் தேர்வு 'கியூ.சிங்க்கியூஃபைல்ஸ்'. அதையும் போட்டால் வேகம் இன்னொரு படி இறங்கும்.

#12 கருங்குயில்

இழையின் தலைப்பு 'கன்டெய்னர் விழுந்தால்'. இயந்திரமே விழுவது வேறு இழை. அதற்கு எஃப்சிங்க் தேவைதான், மறுக்கவில்லை. இரண்டையும் குழப்பினால் வடகாற்று தேவையில்லாத விலை கொடுப்பார்.

#13 மூன்றாம்பிறை

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். எங்கள் செயலிகள் எதுவும் வலையமைப்பு வழியாக நேரடியாக லாக் அனுப்புவதில்லை. திரையில் எழுதுகின்றன, கன்டெய்னர் இயக்கி அதை முனையின் வட்டில் கோப்பாக வைக்கிறது, ஃப்ளூயன்ட் பிட் என்ற லாக் சேகரிப்பி அந்தக் கோப்பைப் பின்தொடர்ந்து படிக்கிறது. கருங்குயிலின் கேள்விக்கு இங்கே எளிதான விடை இருக்கிறது: இன்னொரு பிரதி அந்தக் கோப்பில் இருக்கிறது. படிப்பவர் செத்தாலும் கோப்பு சாகாது.

ஆனால் இதை நம்பி ஏமாறும் இடமும் உண்டு. எந்த இடம்வரை படித்தோம் என்பதை 'டிபி' தேர்வு கொடுத்தால் ஒரு எஸ்கியூலைட் (சிறு தரவுத்தள) கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும். நல்லது. ஆனால் படித்து உள்ளே எடுத்தவுடனே அந்தக் குறி நகர்ந்துவிடுகிறது, இலக்கு ஒப்புக்கொண்ட பிறகு அல்ல. சேமிப்பு வகை இயல்பான நினைவகமாக இருந்தால், குறி முன்னே போயிருக்கும், செய்தித் துண்டுகள் நினைவகத்தில் இருக்கும். இப்போது கன்டெய்னரைக் கொன்றால், எழுந்ததும் குறி இருக்கும் இடத்திலிருந்து தொடங்கும். நடுவில் இருந்தவை அனுப்பப்படவும் இல்லை, திரும்பப் படிக்கப்படவும் இல்லை. 'டிபி போட்டிருக்கிறேன், பிறகு எப்படித் தொலைந்தது' என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் விழுவது இந்தக் குழியில். 'ஸ்டோரேஜ்.டைப்' என்பதை 'ஃபைல்சிஸ்டம்' ஆக்கி, 'ஸ்டோரேஜ்.பாத்' அடைவையும் டிபி கோப்பையும் ஹோஸ்ட்பாத்தில் வையுங்கள். இலக்கில் 'ரீட்ரை_லிமிட்' இயல்பாக 1 தான். அதை நீக்காமல் விட்டால் மையம் கொஞ்ச நேரம் நின்றாலே துண்டுகள் கைவிடப்படும்.

இன்னொரு லாக் சேகரிப்பியான வெக்டர் இதில் ஒழுங்கானது. இலக்கில் ஒப்புகையை இயக்கினால், இலக்கு வாங்கிக்கொண்ட பிறகுதான் கோப்பு மூலத்தின் குறி நகரும். அதன் வட்டு பஃபர் 500 மில்லிநொடிக்கு ஒரு முறை வட்டோடு ஒத்திசைகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

கோப்பு சாகாது என்றேன், ஆனால் சுழலும். குபெலெட் இயல்பாக ஒரு கோப்புக்கு 10 எம்பி, ஒரு கன்டெய்னருக்கு 5 கோப்புகள் வைத்திருக்கும். கொட்டித் தீர்க்கும் செயலி ஒன்று இருந்தால், படிப்பவர் மீண்டு வருவதற்குள் பழையது அழிந்திருக்கும். அந்த எண்களை உயர்த்த முடியும், உயர்த்துங்கள்.

#14 அரைத்தூக்கம்

என்னிடம் சுவிட்சுகள், ஃபயர்வால்கள் இருக்கின்றன. அவற்றுக்கு யுடிபி (ஒப்புகை இல்லாமல் பொட்டலம் அனுப்பும் நெறிமுறை) மட்டும்தான் தெரியும். அவற்றுக்கு என்ன வழி?

#15 நூலேணி

முழு உத்தரவாதத்துக்கு வழி இல்லை. ரிலே எழுந்திராத நொடிகளில் வரும் யுடிபி பொட்டலத்தை வாங்க ஆளில்லை, அனுப்பியவர் திரும்ப அனுப்பவும் மாட்டார். செய்யக்கூடியது, யுடிபி பயணிக்கும் தூரத்தைக் குறைத்து, அதை வாங்குபவரை முடிந்தவரை எளிமையாக வைப்பது. சாதனங்களுக்கு அருகே ஒரு சிறிய வாங்கி: யுடிபியில் வாங்கி உடனே கோப்பில் எழுதுவது மட்டும் அதன் வேலை. பகுப்பாய்வு, வடிகட்டல், அனுப்புதல் எல்லாம் அந்தக் கோப்பைப் படிக்கும் இன்னொரு செயலியின் பாடு. விழக்கூடிய வேலைகள் வாங்கியில் இல்லையென்றால் அது விழுவதும் அரிதாகும். கெர்னலின் வாங்கும் பஃபரையும் பெரிதாக்குங்கள். 'நெட்ஸ்டாட்' காட்டும் யுடிபி புள்ளிவிவரத்தில் வாங்கும் பஃபர் பிழைகள் ஏறுகின்றனவா என்று பாருங்கள். பலர் ரிலேவின் மேல் பழி போடும் இழப்பு அங்கேதான் நடந்துகொண்டிருக்கும்.

#16 வடகாற்று

எல்லோருக்கும் நன்றி. ஃப்ளோ-கன்ட்ரோல் பற்றி ஓர் அச்சம். பஃபர் நிரம்பினால் ரிலே வாங்குவதை நிறுத்தும், அனுப்பும் ஆர்சிஸ்லாக்கின் வரிசை நிரம்பும், பிறகு? செயலிகளே நின்றுவிடுமா?

#17 இரும்புப்பெட்டி

நிற்கக்கூடும். உள்ளூர் லாக் சாக்கெட்டில் எழுதும் செயலி, அந்தச் சாக்கெட்டை யாரும் படிக்காவிட்டால் எழுதும் அழைப்பிலேயே மாட்டிக்கொள்ளும். உள்நுழைவுச் சேவையே லாக் எழுத முடியாமல் காத்திருந்து, சரிசெய்ய உள்ளே போக முடியாத நிலை வரும். ஆகவே அனுப்பும் பக்கத்தில், ரெல்ப் அனுப்பும் செயலுக்குத் தனி வரிசை கொடுங்கள். கோப்புப் பெயரோடு 'லிங்க்டுலிஸ்ட்', 'சேவ்ஆன்ஷட்டவுன்' ஆன், 'ரிஸ்யூம்ரீட்ரைகவுன்ட்' -1. கருங்குயில் ரிலேவுக்குப் போதாது என்ற வகை இங்கே போதும், ஏனென்றால் இங்கே நாம் அஞ்சுவது அனுப்புபவர் சாவதற்கு அல்ல, ரிலே சாவதற்கு. அந்த வரிசைக்கு வட்டில் தாராளமாக இடம் கொடுங்கள். அதுவும் நிரம்பினால் நிற்பதா கைவிடுவதா என்பதைச் செயலிகளின் சொந்தக்காரர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நள்ளிரவில் நீங்கள் தனியாக முடிவு செய்யும்படி விடாதீர்கள்.

#18 வடகாற்று

சோதித்துப் பார்த்தேன். இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று விவரமாக எழுதுகிறேன்.

சிஸ்லாக்-என்ஜியோடு வரும் 'லாக்ஜென்' கருவி ஒவ்வொரு செய்தியிலும் வரிசை எண் போடுகிறது, அதனால் எது விடுபட்டது என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. மையத்தை நிறுத்திவிட்டு, ரிலேவுக்கு டிசிபியில் செய்திகளைக் கொட்டி, நடுவில் சிக்கில் கொடுத்தேன். பிறகு ரிலேவையும் மையத்தையும் எழுப்பி, வந்த எண்களை வரிசைப்படுத்தினேன்.

சாதாரண டிஸ்க்-பஃபரில் வரிசையின் தலைப்பகுதியே காணவில்லை. நூலேணி சொன்ன முன்வரிசை என்று புரிந்தது. நம்பகமான வகையில், வால்யூமோடு, கன்டெய்னரை நீக்கிப் புதிதாக உருவாக்கினாலும் நடுவில் ஓர் எண்கூட விடுபடவில்லை. ஆனால் லாக்ஜென் 'அனுப்பிவிட்டேன்' என்று கணக்குச் சொன்ன எண்ணிக்கைக்கும் மையத்தில் வந்த கடைசி எண்ணுக்கும் இடையே இடைவெளி இருந்தது. வால் பகுதி மட்டும் இல்லை. கருங்குயில் சொன்ன சாக்கெட் ஓட்டை அதுதான்.

அடுத்து, அனுப்பும் சர்வரின் ஆர்சிஸ்லாக்குக்குள் லாக்ஜென்னைச் செலுத்தி, அங்கிருந்து ரெல்ப் வழியாக, 'டிஸ்க்' வரிசையும் செக்பாயிண்ட் 1 உம் உள்ள ஆர்சிஸ்லாக் ரிலேவுக்கு அனுப்பினேன். கொன்று எழுப்பியபின் எண்கள் முழுமையாக வந்தன. சில எண்கள் இரண்டு முறை வந்திருந்தன. வேகக் குறைவு கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் எங்கள் தணிக்கைப் பதிவுகளின் அளவுக்குத் தாராளம்.

எனவே தணிக்கைக்கு ரெல்ப் பாதை. மற்றவற்றுக்கு இப்போதைய சிஸ்லாக்-என்ஜி, நம்பகமான பஃபரோடு. இரும்புப்பெட்டியின் ஆட்சேபம் புரிகிறது, ஆனால் அந்த வால் இழப்பை மற்ற லாகுகளில் ஏற்றுக்கொள்ளலாம் என்று குழுவில் முடிவாயிற்று. இரண்டு முறை வந்தவற்றை என்ன செய்வது?

#19 மூன்றாம்பிறை

இரட்டைகளை ரிலேவில் நீக்க முயலாதீர்கள். அதற்கு அது நினைவு வைத்திருக்க வேண்டும், விழுந்தால் நினைவும் போகும். இறுதிச் சேமிப்பகத்தில் செய்யுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் பிறப்பிடத்திலேயே மாறாத அடையாளம் ஒன்று கொடுத்து, சேமிப்பகத்தில் அதையே ஆவண எண்ணாக வைத்தால், இரண்டாம் முறை வருவது முதல் பிரதியின் மேலேயே எழுதப்படும். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் சேமிப்பகத்தைப் பயன்படுத்துபவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். செய்தி உரையை மட்டும் ஹாஷ் செய்து (உரையிலிருந்து ஒரு குறுங்குறியீட்டைக் கணக்கிட்டு) அடையாளமாக வைக்காதீர்கள். ஒரே நொடியில் உண்மையிலேயே இரண்டு முறை நடந்த தோல்வியுற்ற உள்நுழைவு ஒன்றாகிவிடும். தணிக்கைப் பதிவில் அதுவும் ஓர் இழப்புதான். சிஸ்லாக் செய்திகளுக்கான தரநிலையான ஆர்எஃப்சி 5424 வடிவத்தில் 'சீக்வென்ஸ்ஐடி' என்ற வரிசை எண் புலம் இருக்கிறது. அதையும் சர்வர் பெயரையும் நேர முத்திரையையும் சேர்த்துப் பயன்படுத்தலாம். அந்த எண் 2147483647 வரை போய் மறுபடி 1 இலிருந்து தொடங்கும் என்பதால் தனியாக அது போதாது.

#20 அரைத்தூக்கம்

2 ஜிபி யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். வட்டு நிரம்புவதை எப்படிக் கண்காணிக்கிறீர்கள்?

#21 இரும்புப்பெட்டி

வால்யூமின் காலி இடத்துக்கு ஓர் எச்சரிக்கை. வரிசையில் நிற்கும் செய்தி எண்ணிக்கை தொடர்ந்து ஏறினால் இன்னோர் எச்சரிக்கை. இரண்டாவதுதான் முதலில் கூவும். கன்டெய்னரின் மறுதொடக்க எண்ணிக்கையையும் சேருங்கள். வடகாற்றின் திரை எல்லாம் பச்சையாக இருந்ததற்குக் காரணம், 'இப்போது ஓடுகிறதா' என்று மட்டும் அது கேட்டதுதான்.

#22 நூலேணி

வடகாற்று, மாற்றும் நாளில் ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண வகையிலிருந்து நம்பகமான வகைக்கு மாற்றும்போது பழைய கியூஎஃப் கோப்பில் இருப்பவை புதிய ஆர்கியூஎஃப் கோப்புக்குத் தாமாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். மையம் ஓடிக்கொண்டிருக்கும்போது, வரிசை எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்ததைப் 'சிஸ்லாக்-என்ஜி-சிடிஎல்' புள்ளிவிவரத்தில் பார்த்துவிட்டு மாற்றுங்கள். பழைய கன்டெய்னரை நீக்குவதற்கு முன் அதன் தரவு அடைவை வெளியே நகலெடுத்து வையுங்கள்.

#23 வடகாற்று

குறித்துக்கொண்டேன். அடுத்த பராமரிப்புக்கு முன்பே மாற்றிவிடுகிறோம். மையத்தை வேண்டுமென்றே ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்க அவர்களிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உண்மையான போக்குவரத்தோடு ரிலேவைக் கொன்று பார்த்துவிட்டு இங்கே எண்களை இடுகிறேன்.